நிலைபொருள் எழுதுவோர் கடமை

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே ஏதாவது ஒரு தொழிலைப் பற்றி இளைஞர்களுக்குப் பயன்படும் வகையிற் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எந்தத் தொழிலைப் பற்றி என்று நாம் வினவியபோது, "உங்கள் தொழிலைப் பற்றித்தான், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை" என்றார்கள். அவர் சொன்னது உண்மை. எம்மைப் பெற்ற தாயார்கூட, யாராவது கேட்டால், "தம்பி கொம்பியூட்டர் திருத்துறான்" என்றுதான் சொல்லி வந்தார். ஆகவே அந்தக் கடனை இன்று தீர்த்துவிடலாம் என்று எண்ணி வந்திருக்கின்றோம்.

மடிக்கணினி, கைக்கணினி ஆகியவற்றுக்கு நிலைபொருள் எழுதுவது எமது தொழில். இத்துறையிலே நாம் மூத்த பொறியியலாளர் என்ற நிலையில் இருக்கின்றோம். மூத்தவர் என்றவுடன் பெரிய பதவி என்று எண்ணிவிட வேண்டாம். பிழை நேர்ந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவார்களோ அவருக்கே இத்தொழிலில் மூத்தவர் என்று பெயர்.

கணினியிலே கையால் தொடக்கூடிய பாகங்களை வன்பொருள் என்கின்றோம். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் படம் பார்க்கவும் உதவும் நிரல்களை மென்பொருள் என்கின்றோம். இவை இரண்டிற்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கின்றது. கணினியின் பலகையிலே ஒரு விரல் நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்றினுள் அது குடியிருக்கின்றது. மின்விசையை அழுத்தியதும் முதன்முதலாக விழித்தெழுவது அதுவே. அதற்கு நிலைபொருள் என்று பெயர். 1967 ஆம் ஆண்டிலே அஷர் ஒப்லர் என்னும் அமெரிக்கர் இதற்குரிய ஆங்கிலப் பெயரை முதலில் வழங்கினார். வன்மைக்கும் மென்மைக்கும் இடைப்பட்ட உறுதி என்பது அதன் கருத்து.

தோட்டத்துப் பெரியோர்கள் பலர் இங்கே வந்திருப்பதைக் காண்கின்றோம். அவர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். எமது தந்தையார் கலஹாப் பக்கத்திலே ஒரு தேயிலை ஸ்டோரில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். விடியற்காலையிலே மற்றவர்கள் எழும்புமுன் அவர் போய்விடுவார். எண்ணெய் இருக்கின்றதா என்று பார்ப்பார், பட்டியைத் தடவிப் பார்ப்பார், எஞ்சினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் ரோலர்களை ஒவ்வொன்றாகப் பூட்டுவார். எல்லாவற்றையும் ஒரே தடவையிற் பூட்டினால் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டோர் வேலைக்காரர்கள் வந்து சேரும்போது எல்லாம் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். தந்தையாரின் பெயர் ஒருவருக்கும் நினைவில் வராது. ஓடாத நாளில் மாத்திரம் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அதுவேதான் எமது தொழிலும். நீங்கள் விசையை அழுத்தியதிலிருந்து திரையிலே படம் தோன்றும் வரையுள்ள சில செக்கன்களுக்குள் நடப்பதைச் சற்றுக் கேளுங்கள். முதலிலே பலகையிலுள்ள பலவகை மின்னழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, குறித்த வரிசைப்படி எழ வேண்டும். வரிசை தப்பினால் சில்லுகள் பழுதாகலாம். பின்னர் மையச் செயலி விழிக்கின்றது. விழிக்கும்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ள செயலி வகையானது, தன் முகவரி வெளியின் 4 கிகாபைட் எல்லைக்கு 16 பைட்டு முன்னால் உள்ள ஓர் இடத்திலிருந்து முதற் கட்டளையை வாசிக்கின்றது. அந்த இடத்திலே நாம் எழுதிய முதல் வரி காத்திருக்கின்றது.

அந்த நேரத்திலே நினைவகம்கூட வேலை செய்வதில்லை. நினைவகச் சில்லுகளுக்கும் செயலிக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு கம்பியிலும் சைகை வந்து சேரும் நேரத்தை அளந்து, ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கிலும் குறைவான வித்தியாசங்களைச் சரிப்படுத்திய பின்னர்தான் நினைவகத்தை நம்பலாம். இதற்கு நினைவகப் பயிற்சி என்று பெயர். அதுவரைக்கும் செயலியினுள்ளே இருக்கும் சிறு துரிதச் சேமிப்பையே தற்காலிக நினைவகமாகக் கொண்டு காலந்தள்ள வேண்டும். வீடு கட்டி முடியும் வரை மரத்தடியிற் சமைப்பது போன்றது இது.

அடுத்து நடப்பது பெரட்டு. விடியற்காலையிலே பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை நின்று பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் இன்ன மலை, இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பதை நாம் சிறுவயதிலே பார்த்திருக்கின்றோம். நிலைபொருளும் அவ்வாறே வட்டு, திரை, கமரா, வலையிணைப்பு என ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டுப் பார்க்கின்றது. பதில் சொன்னவற்றுக்கு முகவரி கொடுக்கின்றது. எல்லாம் முடிந்ததும் இயங்குதளம் என்னும் பெரிய நிரலைத் தட்டி எழுப்பி, "இதோ உன் ஆட்கள்" என்று ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது.

மடிக்கணினிக்குள் இன்னொரு சிறு செயலியும் உண்டு. அதை உட்பொதி கட்டுப்படுத்தி என்போம். கணினியை நீங்கள் அணைத்துவிட்டாலும் அது உறங்குவதில்லை. விசை அழுத்தப்படுகின்றதா, மூடி திறக்கப்படுகின்றதா, சூடு ஏறுகின்றதா, விசிறி சுற்றுகின்றதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். பற்றரிக்கு மின்னேற்றுவதைக் கண்காணிப்பதும் பெரும்பாலும் அதன் பொறுப்பே. இலித்தியம் அயன் பற்றரியின் கலம் ஒன்றைச் சாதாரணமாக 4.2 வோல்ட் வரைதான் ஏற்றலாம். எல்லை மீறி ஏற்றினால் தீப்பற்றவும் கூடும். ஆகவே அந்தச் சிறு நிரலை எழுதுபவன், படுக்கையிலே கைக்கணினியை வைத்துக்கொண்டு உறங்கிப்போகும் குழந்தையை நினைத்துக்கொண்டு எழுத வேண்டியவனாகின்றான்.

விசைப்பலகையும் இந்தச் சிறு செயலியின் ஆளுகைக்கு உட்பட்டதே. நீங்கள் ரெங்கநாதன் விசைப்பலகை முறையிலே தமிழ் எழுதினாலும், சிங்களம் எழுதினாலும், ஆங்கிலம் எழுதினாலும், எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது விசை அழுத்தப்பட்டது என்னும் இலக்கம் மாத்திரமே அதற்குத் தெரியும். அந்த இலக்கத்தை எழுத்தாக்குவது இயங்குதளத்தின் வேலை.

இத்தொழிலின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லுவோம். 1975 ஆம் ஆண்டளவிலே கரி கில்டால் என்னும் அமெரிக்கர் தமது இயங்குதளத்தின் அடித்தளப் பகுதிக்கு பயோஸ் என்று பெயரிட்டார். 1981 ஆகஸ்ட் மாதத்திலே ஐ.பி.எம். கம்பெனி தனது சொந்தக் கணினியை வெளியிட்டபோது அதனுள்ளிருந்த பயோஸின் அளவு 8 கிலோபைட். இன்று எமது கைக்கு வரும் மடிக்கணினிகளில் 16 அல்லது 32 மெகாபைட் அளவுள்ள சில்லுகள் இருக்கின்றன. அதாவது 2,000 மடங்கிற்கும் மேலே.

1985 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் சுப்பிரமணியன் சங்கர், பாட் சர்மா என்னும் இருவர் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்னும் கம்பெனியைத் தொடங்கினர். 1990 களிலே கணினியைத் திறந்த பலர், கறுப்புத் திரையிலே அந்தக் கம்பெனியின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அக்கம்பெனி சென்னையிலும் அலுவலகம் வைத்து இத்தொழிலை நடத்துகின்றது. எங்கோ அமெரிக்காவிலோ தாய்வானிலோ வெள்ளைக்காரரும் சீனரும் மட்டுமே செய்யும் வேலை இது என்று எண்ணுவோர்க்கு இதைச் சொல்ல விரும்புகின்றோம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இதைச் செய்து வருகின்றனர். எமது பிள்ளைகளுக்கும் இது எட்டாத பழம் அன்று.

முற்காலத்திலே நிலைபொருள் மாற்ற முடியாத சில்லில் இருந்தது. பிழை கண்டால் சில்லையே கழற்றி மாற்ற வேண்டும். பின்னர் அழித்தெழுதக்கூடிய சில்லுகள் வந்தன. பிழையைத் திருத்துவது சுலபமாயிற்று. கெடுப்பதும் சுலபமாயிற்று. தாய்வான் மாணவர் ஒருவர் எழுதிய ஒரு நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 ஆந் தேதி உலகின் பல நாடுகளில் விழித்தெழுந்து வட்டுகளை அழித்தது. சில வகைக் கணினிகளின் பயோஸையும் சேர்த்து அழித்தது. அவ்வாறு பயோஸ் அழிந்த கணினிகள் விசையை அழுத்தினாலும் அசையவில்லை. முதல் வரியே இல்லாவிட்டால் அடுத்த வரி எங்கிருந்து வரும்?

இனி, நாம் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்த காரியத்துக்கு வருகின்றோம். அது எமது பெருமையைக் கூறுவதன்று, எமது பிழையைக் கூறுவது. வாலிபர்களுக்கு முன்னே பெரியவர்கள் தங்கள் வெற்றிகளை மாத்திரம் சொல்லிச் செல்வது வழக்கமாகிவிட்டது. பிழையைச் சொன்னால் அதிலும் கற்பதற்கு உண்டு என்பது எமது அபிப்பிராயம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலே, விலை குறைந்த மடிக்கணினி ஒன்றுக்கு நிலைபொருள் எழுதும் குழுவில் நாம் இருந்தோம். நிலைபொருளைப் புதுப்பிக்கும் பகுதி எமது பொறுப்பு. புதுப்பிக்கும்போது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். இதற்கு ஓரிரு நிமிடங்கள் ஆகும். நடுவிலே மின்சாரம் நின்றால் கணினி பிணமாகிவிடும். ஆகவே எழுதத் தொடங்குமுன் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். நாம் வைத்த நிபந்தனை இதுதான்: சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது பற்றரியிலே 30 சதவீதம் இருக்க வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றது. எல்லாச் சோதனைகளிலும் அது தேறியது. எமது மேசையின்மேல் இருந்தவை புதுக் கணினிகள், புதுப் பற்றரிகள். அந்தப் பட்டினத்திலே மின்சாரம் நின்றதை நாம் ஒரு நாளும் கண்டதில்லை.

இன்னொரு விஷயமும் நடந்தது. பழைய பிரதி ஒன்றையும் புதிய பிரதி ஒன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக்கொள்வதற்கு இருமடங்கு இடமுள்ள சில்லு வேண்டும். அப்படி வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது எழும்பும். விலையைக் குறைப்பதற்காகச் சிறிய சில்லே போதும் என்று கூட்டத்திலே முடிவாயிற்று. மிச்சமான காசு ஒரு கோப்பை தேநீருக்கும் காணாது. நாம் கையை உயர்த்தி மறுத்திருக்கலாம். புதிதாக வந்தவர்கள் எம்மைப் பார்த்தார்கள். நாம் பேசாமல் இருந்தோம்.

2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்திலே நாம் கண்டிக்குத் திரும்பி, இங்கிருந்தே வேலை செய்யத் தொடங்கினோம். எமது தமக்கையாரின் மகளுக்குப் பள்ளிப் படிப்புக்காக ஒரு மடிக்கணினி தேவைப்பட்டது. யாரோ பாவித்த கணினி ஒன்று மலிவாகக் கிடைத்தது. பார்த்தால் எமது கையாலே உயிர் பெற்ற அதே வகை. "இது மாமா செய்தது" என்று சொல்லிக் கொடுத்தோம். அந்தப் பெருமையை எவ்வாறு மறுப்பது! பற்றரி பழையது, செருகியிருந்தால் ஓடும், கழற்றினால் சில விநாடிகளில் நின்றுவிடும். படிப்பதற்கு அது போதும் என்று இருந்துவிட்டோம்.

2022 மார்ச் மாதக் கடைசி உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டிலே எரிபொருள் இல்லை. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்கள் அவை. குழுவுக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஒரு நேரம் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலுக்குப் புறம்பாகவும் வெட்டினார்கள். பிள்ளைக்கு மே மாதத்திலே சாதாரணதரப் பரீட்சை. ஆசிரியர்கள் அனுப்பிய பாடங்களும், கடந்தகால வினாத்தாள்களும், அவள் எழுதிய குறிப்புகளும் அந்தக் கணினிக்குள்ளேதான்.

ஒரு மாலைப் பொழுதிலே மின்சாரம் வந்ததும் பிள்ளை கணினியைத் திறந்தாள். அது தானாகவே ஒரு புதுப்பித்தலைத் தொடங்கியது. நிபந்தனை பார்த்தது. சுவரிலிருந்து மின்சாரம் வருகின்றதா? வருகின்றது. அல்லது என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ளதை அது பார்க்கவே இல்லை. பாதி எழுதிக்கொண்டிருக்கையில் ஊர் முழுவதும் இருண்டது. பழைய பற்றரி ஒரு மூச்சுக்கூடத் தாங்கவில்லை.

மின்சாரம் மீண்ட பிறகு அவள் விசையை அழுத்தினாள், ஒன்றுமில்லை. எம்மிடம் கொண்டுவந்தாள். விசிறி ஒரு முறை சுற்றி நின்றதைப் பார்த்த மாத்திரத்திலே எமக்கு விளங்கிவிட்டது, என்ன நடந்தது என்பதும், யார் செய்தது என்பதும். வட்டிலே அவளுடைய பாடங்கள் யாவும் பத்திரமாக இருந்தன. ஆனால் வீட்டுக்குள் நுழையும் கதவுதான் இல்லை. "மாமா, இது நீங்கள் செய்ததுதானே, உங்களால் திருத்த முடியும்தானே?" என்று கேட்டாள். எம்மிடம் அதற்கான கருவி இருக்கவில்லை. அதை நாம் முன்பு வேலை செய்த பட்டினத்து மேசையில் விட்டு வந்திருந்தோம்.

மறுநாள் கண்டி நகரிலே, பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. கணினியைத் திறந்து, எட்டுக் கால் உள்ள அந்தச் சில்லைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு கவ்வியை மாட்டினான். உடனே எழுதவில்லை. சிதைந்து கிடந்ததை முதலில் முழுவதுமாக வாசித்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டோம். "சீரியல் நம்பர் எல்லாம் இதுக்குள்ளதான் சேர் இருக்கு. அழிச்சிட்டா பெறகு எங்க போய்த் தேடுறது" என்றான். கம்பெனியே வெளியிட்டிருந்த புதுப்பித்தலிலிருந்து நல்ல பகுதியை எடுத்து, பழைய பிரதியிலிருந்து அந்தக் கணினிக்கே உரிய பகுதியை எடுத்து, இரண்டையும் பொருத்தி எழுதினான். கவ்வி சரியாகப் பிடிக்காமல் பல முறை முயன்றான். இடையிலே மின்வெட்டும் வந்தது. மூன்றாம் நாள் கணினி எழும்பியது.

கணினியைக் கொடுக்கும்போது அவன் கேட்டான்: "இத எழுதினவுங்க நம்ம ஊருல கரண்ட் போறதப் பத்தி யோசிக்கவே இல்லையா சேர்?"

நாம் காசைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம். கூட்டத்திலே பேசாமல் இருந்தது முதலாவது. கடையிலே பேசாமல் வந்தது இரண்டாவது.

அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்திலே யோசித்துப் பார்த்தோம். மின்வெட்டு என்றால் என்னவென்று தெரியாதவரா நாம்? தோட்ட லயத்திலே குப்பி விளக்கில் படித்து, பின்பு பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலே பயின்றவர்கள் நாம். எங்கள் ஊரிலே மழை இருண்டாலே மின்சாரம் போகும். அவ்வாறிருந்தும் அந்த வரியை எழுதும்போது, எமக்கு முன்னே இருந்த ஊரையே உலகம் என்று எண்ணினோம். பிறந்த ஊரை மறந்தோம். "அல்லது" என்று எழுதிய இடத்திலே "இரண்டும்" என்று எழுதியிருக்க வேண்டும். சுவரிலிருந்து மின்சாரமும் வர வேண்டும், பற்றரியிலும் இருக்க வேண்டும். அந்தப் பற்றரியும் சொல்வதைத் தாங்கக்கூடியதா என்று பார்க்கவும் வேண்டும்.

கம்பெனிக்கு நடந்ததை எழுதி, பிழை எம்முடையது என்று கையொப்பமிட்டு அனுப்பினோம். எழுதியவரே தம் பிழையை அறிவிப்பது அங்கே வழக்கமில்லை. மின்சாரம் நின்றது பாவனையாளரின் குறை என்றும், அந்த வகை பழையதாகிவிட்டது என்றும் சிலர் வாதித்தனர். விலை குறைந்த கணினியை வாங்குபவர் யார், அவருடைய ஊரிலே மின்சாரம் எப்படி இருக்கும் என்று நாம் கேட்டோம். மலிவான யந்திரம் போகும் இடத்திலேதான் மின்சாரமும் மெலிந்திருக்கும். அது மாத்திரமன்று, அந்த வீட்டிலே அது ஒன்றுதான் இருக்கும். இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

சொல்லை மாற்றுவதற்கு ஒரு நிமிடம். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. திருத்தத்தைக் கொண்டு செல்வதும் ஒரு புதுப்பித்தலே. அதை உள்ளே எடுத்துச் செல்லப்போவது பழைய நிபந்தனையே! நோயாளியைக் காப்பாற்ற அனுப்பும் மருந்தை, நோய் பிடித்த கையாலேயே ஊட்ட வேண்டியிருந்தது. ஆகவே மருந்துப் பொட்டலத்துக்குள்ளேயே ஒரு சிறு நிரலை வைத்தோம். அது முதலில் பற்றரியைச் சோதித்துப் பார்க்கும். பற்றரி தாங்காது என்று கண்டால் எழுதத் தொடங்காது, பாவனையாளருக்கு அறிவித்து நின்றுவிடும். பழைய பற்றரிகளைத் தேடிச் சேர்த்தோம். எழுதிக்கொண்டிருக்கும்போது வெவ்வேறு கணங்களிலே மின்சாரத்தைப் பிடுங்கும் ஒரு கருவியை அமைத்து, வாரக்கணக்காகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். வேடிக்கையாக அதற்குக் கண்டிச் சோதனை என்று எமது நண்பர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வகைக் கணினியிலே இரண்டு பிரதிகள் வைக்கும் பெரிய சில்லு போடப்பட்டது. கைக்கணினிகளிலும் தொலைபேசிகளிலும் இந்த இரட்டைப் பிரதி முறை 2016 இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இருந்து வருவதுதான். மடிக்கணினியிலே நாம் அதைக் காசு பார்த்துக் கைவிட்டோம் என்பதை ஒளிக்க மாட்டோம்.

பிள்ளை பரீட்சை எழுதினாள். போன மூன்று நாட்களை அவளுக்கு நாம் திருப்பிக் கொடுக்க முடியாது. உண்மையை அவளிடம் சொன்னோம். சற்று நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, "அப்ப மற்றப் பிள்ளைகளின் கணினி?" என்று கேட்டாள். உலகிலே இதே வகைக் கணினி எத்தனை வீடுகளில் இவ்வாறு இறந்ததோ, அவர்கள் எவரிடம் போய்க் கேட்டார்களோ என்ற எண்ணம் அன்று முதல் எம்மை விட்டு நீங்கவில்லை.

பின்னர் அந்தக் கடைத் தம்பியிடமும் போய், "எழுதியது நாம்தான், இப்போது திருத்திவிட்டோம்" என்று சொன்னோம். அவன் சிரித்துவிட்டு, "அப்ப இனிமே எனக்கு அந்த வேல வராதுன்னு சொல்லுங்க சேர்" என்றான். ஒரு தேநீரும் வாங்கித் தந்தான்.

வாலிப நண்பர்களே, மூத்த பொறியியலாளர் என்றால் என்ன என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். சுற்றுப்படத்தை வாசிக்கவும், அலைகாட்டியிலே சைகையைப் பார்க்கவும், பிறர் எழுதிய நிரலிலே பிழை காணவும் எவரும் சில ஆண்டுகளிற் பழகிவிடலாம். வெளியிடும் நாள் நெருங்கி, தொழிற்சாலை காத்திருக்க, எல்லோரும் சரி என்று சொல்லும்போது, "இல்லை, இன்னும் ஒரு சோதனை மிச்சம்" என்று எழுந்து சொல்வதே கடினம். அதற்குத்தான் மூத்தவர்க்குச் சம்பளம்.

இத்தொழிலை விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். பேராதனையிலே எமக்கு மிகவும் அருகிலே ஒரு பொறியியற் பீடம் இருக்கின்றது. 1950 இல் கொழும்பிலே தொடங்கி, 1964 இல் பேராதனைக்கு வந்த பீடம் அது. அங்கே இடம் கிடைத்தால் மிக நன்று. கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று எண்ண வேண்டாம். கண்டியிலே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. பழுதுபார்க்கும் கடைகள் இருக்கின்றன. நாம் கண்ட தம்பி எந்தப் பட்டமும் பெற்றவனல்லன். ஆனால் "அழிக்குமுன் பிரதி எடு" என்னும் விதியை எமக்கு நினைவூட்டியவன் அவனே.

பிறர் எழுதிய நிலைபொருளை வாசித்துப் பழகுங்கள். 1999 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ரொன் மின்னிச் என்பவர் தொடங்கிய திறந்த நிலைபொருள், 2008 முதல் கோர்பூட் என்ற பெயரில் வழங்குகின்றது. பல குரோம்புக் மடிக்கணினிகள் அதைக் கொண்டே எழும்புகின்றன. அதன் ஒவ்வொரு வரியையும் நீங்கள் காசின்றி வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை அனுப்பலாம். நீங்கள் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தப் பள்ளி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய எமது நாட்டவர்கள் சகானா என்னும் திறந்த மென்பொருளை ஆக்கி, அது பிற நாடுகளுக்கும் சென்று உதவியது. ஆகவே, எம்மால் ஆகுமா என்று கேட்க வேண்டியதில்லை.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டிலே பிள்ளை பழைய வானொலியைக் கழற்றினால் அடிக்காதீர்கள். திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள். கழற்றுமுன் எந்த ஆணி எங்கே இருந்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். எமது தொழிலின் முதற் பாடமும் கடைசிப் பாடமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

இளைஞர்கள் நீங்கள் நாளை கொழும்புக்கும் சென்னைக்கும் தாய்ப்பேக்கும் செல்வீர்கள். செல்லுங்கள். பெரிய மேசையிலே, நிற்காத மின்சாரத்திலே உட்கார்ந்து எழுதுவீர்கள். அப்போது, மின்சாரம் போய்ப் போய் வரும் ஒரு வீட்டிலே, பழைய பற்றரியோடு, ஒரு பிள்ளை விசையை அழுத்தக் காத்திருக்கின்றது என்பதை மறவாதீர்கள். அந்த வீடு எந்த ஊரிலே இருக்கின்றது என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.